கதையில் வரும் போர் எந்திரத்துக்கு நிஜத்தில் இணை தேடுவது எப்படி?

அறிவியல் புனைகதை எழுதுகிறவருக்கும், கணினி விளையாட்டு வடிவமைக்கிறவருக்கும், பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டிச் சேர்க்கிறவருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. ஊர்ந்து வரும் தரைக்கப்பல், இரண்டு கால்களில் நடக்கும் இரும்பு உருவம், மின்காந்த விசையால் குண்டை எறியும் பீரங்கி என்று எங்கும் இல்லாத ஒன்றை, பார்ப்பவர் நம்பும்படி அமைத்தாக வேண்டும். இதற்காக நிஜ உலகில் இணை தேடும்போது பெரும்பாலோர் உருவம் ஒத்துப்போகும் ஆயுதத்தையே முதலில் தேடுகிறார்கள். அந்த வழி அதிக தூரம் போகாது. கற்பனை வண்டி எந்த எடையைச் சுமக்கிறது, எந்த விசையோடு மல்லுக்கட்டுகிறது என்பதைக் கணக்கிட்டு, அதே எடையோடும் விசையோடும் நிஜத்தில் மல்லுக்கட்டுகிற எந்திரம் எது என்று தேடுவதே பயனுள்ள முறை. அப்படித் தேடினால் விடை பெரும்பாலும் ராணுவக் கிடங்குக்கு வெளியே, நிலக்கரிச் சுரங்கத்திலோ ராக்கெட் ஏவுதளத்திலோ தகடு வெட்டும் பட்டறையிலோ கிடைக்கும். அந்த எந்திரத்தின் தோற்றத்தைவிட அதன் குறைபாடுகளே உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில் ஐந்து எண்கள்

ஒரு தாளில் வண்டியின் எடை, தரையைத் தொடும் பரப்பு, வேகம், எறியும் குண்டின் எடையும் வேகமும், எஞ்சின் ஆற்றல் ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கதையில் எடை சொல்லப்படவில்லை என்றாலும், சொல்லப்பட்ட எடையில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தாலும், படத்திலிருந்தே ஊகிக்க ஒரு வழி உண்டு. கதவு ஒன்றின் உயரத்தை 2 மீட்டர் என்று வைத்து மற்ற அளவுகளைக் கணியுங்கள். முன்னே நீளும் குழலை விட்டுவிட்டு, வண்டி முழுவதையும் உள்ளடக்கும் ஒரு செவ்வகப் பெட்டியின் கன அளவைக் கண்டுபிடியுங்கள். டி-72, டைகர், ஏப்ரம்ஸ் என வெவ்வேறு காலத்து டாங்கிகளை இந்த முறையில் அளந்து பார்த்தால், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் டன்னிலிருந்து ஒரு டன்னுக்குள் எடை வருகிறது. கற்பனை வண்டி கனத்த கவசம் உடையது என்று கதை சொல்லிவிட்டு, எடையை இந்த வரம்புக்கு மிகவும் கீழே வைத்திருந்தால், எங்கோ கணக்கு இடிக்கிறது என்று பொருள்.

தரைக்கப்பலை எடைபோடுதல்

கற்பனையிலேயே நின்றுபோன ஒரு நிஜத் திட்டத்தை இதற்கு எடுத்துக்கொள்வோம். 1942-இல் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் குரோட்டே, பி-1000 'ராட்டே' என்ற 1000 டன் வண்டியை முன்மொழிந்தார். நீளம் 35 மீட்டர், அகலம் 14, உயரம் 11. போர்க்கப்பலுக்கு உரிய 280 மில்லிமீட்டர் பீரங்கிகள். பக்கத்துக்கு மூன்றாக 1.2 மீட்டர் அகலச் செயின்கள். 16,000 குதிரைத்திறனுக்கும் அதிகமான எஞ்சின்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். 1943-இல் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் இதை நிறுத்திவிட்டார்; ஒன்றுகூடக் கட்டப்படவில்லை.

இந்த வண்டி மண்ணில் புதைந்துவிடும் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு செயின்களின் மொத்த அகலம் 7.2 மீட்டர். தரையைத் தொடும் நீளம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 144 சதுர மீட்டர் ஆகிறது. 1000 டன்னை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அழுத்தம் மட்டுமே வருகிறது. சென்னை ஆவடியில் உருவான 58.5 டன் அர்ஜுன் டாங்கியின் தரை அழுத்தம் 0.85; சாதாரணக் காரின் டயர் தரையை அழுத்துவது ஏறத்தாழ 2. ஆகவே சொல்லப்பட்ட எடையை நம்பினால் ராட்டே புதைந்திருக்காது. ஆற்றலும் பற்றாக்குறை இல்லை. உருளும் தடையை எடையில் 5 சதவீதம் என்று கொண்டால், சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.4 மெகாவாட் போதும். 16,000 குதிரைத்திறனில் முப்பது சதவீதம் வழியிலேயே வீணானாலும் 8.2 மெகாவாட் செயினை வந்தடையும். எரிபொருள்கூட மணிக்கு ஏறத்தாழ 2000 லிட்டர் டீசல்தான். ஒரு டேங்கர் லாரி சில மணி நேரத்துக்குத் தாங்கும்.

பெட்டிக் கணக்கைப் போட்டதும் நிலைமை மாறுகிறது. 35, 14, 11 ஆகியவற்றைப் பெருக்கினால் 5390 கன மீட்டர். அதில் 1000 டன் என்றால் கன மீட்டருக்கு 0.19 டன்தான் வருகிறது. உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாக இருக்க வேண்டும், அல்லது எடையைக் குறைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மற்ற டாங்கிகளைப் போல 0.8 டன் என்று வைத்தால் எடை 4300 டன்னாக ஏறி, தரை அழுத்தம் 3 கிலோவைத் தொட்டு, அதே எஞ்சினில் சமதரை வேகம் மணிக்கு 14 கிலோமீட்டராகவும், நூற்றுக்குப் பத்து ஏறும் சரிவில் நடந்து போகும் மனிதரின் வேகமாகவும் இறங்கிவிடும். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். திரும்புவதிலும் சிக்கல் உண்டு. ஒரு பக்கச் செயினை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டித் திரும்பும் வண்டிகளில், தரையைத் தொடும் நீளத்தை இருபக்கச் செயின்களின் மைய இடைவெளியால் வகுத்தால் வரும் எண் 1.8-ஐத் தாண்டக் கூடாது என்பது வடிவமைப்பாளர்களின் பழைய விதி. ராட்டேவுக்கு இது 20-ஐ 10.4-ஆல் வகுக்க 1.9 வருகிறது. திரும்பும் ஒவ்வொரு முறையும் வயலை உழுது, செயினை முறுக்கித்தான் திரும்பியிருக்கும்.

இந்த இடத்தில்தான் நிஜ இணையைத் தேட வேண்டும். ஆயிரக்கணக்கான டன் எடையோடு தரையில் ஊரும் எந்திரங்கள் உண்மையில் இருக்கின்றன. அவற்றில் எதிலும் பீரங்கி இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை வாரிக்கொண்டே மெல்ல நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை எந்திரம் புதிதல்ல. அதே குடும்பத்தின் பெரிய உருப்படியான ஜெர்மனியின் பாகர் 288, 13,500 டன் எடையை 12 செயின்கள் மீது சுமக்கிறது. அதன் தரை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிலோ, வேகம் நிமிடத்துக்குச் சில மீட்டர். 2001-இல் அதை ஹாம்பாக் சுரங்கத்திலிருந்து கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்கு 22 கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. எர்ஃப்ட் ஆற்றைக் கடக்க, நீர் ஓடுவதற்குப் பெரிய எஃகுக் குழாய்களை ஆற்றில் இட்டு, அவற்றின்மேல் கல்லும் சரளையும் கொட்டித் தற்காலிகப் பாதை அமைத்தார்கள். நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடக்கவும் இதேபோன்ற முன்னேற்பாடு தேவைப்பட்டது. எந்திரம் வேலை செய்யத் தேவையான 16.5 மெகாவாட் மின்சாரம் அதற்குள் உற்பத்தியாவதில்லை. கேபிள் வழியாக வெளியிலிருந்து வருகிறது.

எதிரி நாட்டுக்குள் தரைக்கப்பல் நுழையும் காட்சியை எழுதுபவருக்கு இந்த ஒரு பயணத்திலேயே பல அத்தியாயங்களுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கப்பலுக்கு முன்னே பாதை போடும் படை எங்கே? ஆற்றை அடைப்பதற்குள் எதிரிக்கு எத்தனை நாள் கிடைக்கும்? கேபிளை யார் காவல் காப்பார்கள்?

இரண்டாவது இணை, அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் ராக்கெட்டை ஏவுதளத்துக்குச் சுமந்து செல்லும் ஊர்தி. 1965-இல் கட்டப்பட்ட இது ஏறத்தாழ 2700 டன் எடையுள்ளது. சுமையோடு மணிக்கு 1.6 கிலோமீட்டர் ஊர்கிறது. நீளமான இரண்டு செயின்களுக்குப் பதிலாக, நான்கு மூலைகளில் தனித்தனி வண்டிகளும் ஒவ்வொன்றிலும் இரண்டு செயின்களும் வைத்திருக்கிறார்கள். செயினின் ஒரு தகடு மட்டுமே ஏறத்தாழ 900 கிலோ. டீசல் எஞ்சின் நேராகச் செயினை இழுப்பதில்லை. மின்னாக்கியைச் சுழற்றுகிறது, அந்த மின்சாரத்தில் 16 மோட்டார்கள் ஓடுகின்றன. ஏவுதளத்தின் 5 சதவீதச் சரிவில் ஏறும்போது ஹைட்ராலிக் ஜாக்கிகள் மேடையைச் சமமாக வைத்து, உச்சியில் நிற்கும் ராக்கெட் சாயாமல் பார்த்துக்கொள்கின்றன. தரைக்கப்பலின் பீரங்கி மேடைக்கு இதைவிடப் பொருத்தமான இணையை நான் கண்டதில்லை. படம் வரைகிறவர்கள் இரண்டு நீளச் செயின்களைக் கைவிட்டு மூலைக்கு ஒரு வண்டியாக வரைந்தால், திரும்பும் சிக்கலும் அதோடு தீர்ந்துவிடும்.

ராணுவ இணை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 188 டன் ஜெர்மன் டாங்கியான 'மவுஸ்' இருக்கிறது. 1943-44-இல் இரண்டு முன்மாதிரிகள் உருவாயின. அவற்றின் பாகங்களைக் கொண்டு சேர்த்த ஒன்று இன்றும் ரஷ்யாவின் குபிங்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெரும்பாலான பாலங்கள் தாங்காது என்பதால், ஆற்றின் அடியிலேயே கடப்பதாகத் திட்டம்; கரையில் நிற்கும் இன்னொரு மவுஸ் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்ப, நீருக்குள் இருக்கும் வண்டி மோட்டாரில் ஓடும். 57 டன் டைகரிடமிருந்து மாதிரி செய்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ரயில் வண்டியில் ஏற்றும்போது அகலம் இடித்ததால், வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றி, 725 மில்லிமீட்டர் செயினுக்குப் பதிலாக 520 மில்லிமீட்டர் செயினை மாட்டி அனுப்பினார்கள். இறங்கிய இடத்தில் மறுபடியும் மாற்றினார்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகி அமைந்த அதன் சக்கரங்களுக்கிடையே சேறு புகுந்து, ரஷ்யக் குளிரில் உறைந்து, வண்டியையே நிறுத்திவிடுவதும் உண்டு. கற்பனை வண்டியின் மாதிரியில் கழற்றி வைத்த வெளிச்சக்கரங்களையும் சுருட்டிய செயினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீரங்கி எதுவும் கூடுதலாகச் சேர்க்காமலே அது உண்மையான வண்டியாகத் தெரியும்.

கால்களால் நடப்பவை

நீள அகல உயரத்தை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், பாதத்தின் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். கலிலியோ 1638-இல் எலும்புகளைப் பற்றி விளக்கிய இந்த விதி, பெரிய இரும்பு மனிதர்கள் எல்லோருக்கும் எதிராக நிற்கிறது. 50 டன் எந்திரம் ஒரு காலைத் தூக்கும்போது, தரையில் நிற்கும் பாதம் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் இருந்தாலும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ, காலை ஊன்றும் அதிர்ச்சியைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இருந்தும் மிகப்பெரிய நடக்கும் எந்திரங்கள் நிஜத்தில் உண்டு. ஓஹியோவில் 1969 முதல் 1991 வரை வேலை செய்த 'பிக் மஸ்கி' என்ற மண்வாரி 12,000 டன் எடையுள்ளது. ஹைட்ராலிக் பாதங்களால் தன்னைத் தூக்கி, ஓர் எட்டு நகர்த்தி, வயிற்றைத் தரையில் பதித்து அமர்ந்துவிடும். வேலை செய்யும்போது எடை முழுவதையும் அந்த அகன்ற வயிறுதான் தாங்கும். பாதங்கள் நகர்வதற்கு மட்டுமே. கற்பனை நடைவண்டிக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து: நடந்து வர வேண்டும், உட்கார வேண்டும், பிறகே சுட வேண்டும். ஓட்டுநரின் பாட்டை எழுத வேண்டுமானால், 1960-களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த நான்கு கால் வண்டியைப் பாருங்கள். ஓட்டுநரின் இரு கைகளும் முன்னங்கால்களையும், இரு பாதங்களும் பின்னங்கால்களையும் இயக்கின. ஒவ்வோர் அடியையும் மனத்தால் கணித்து எடுத்துவைக்க வேண்டியிருந்ததால் ஓட்டுநர்கள் விரைவில் களைத்துப் போனார்கள். பாஸ்டன் டைனமிக்ஸின் சுமைதூக்கும் நான்கு கால் ரோபோவோ நன்றாகவே நடந்தது; அதன் எஞ்சின் சத்தம் படையினரின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அமெரிக்க மரைன் படை 2015-இல் அதைக் கைவிட்டது.

மனிதர் உடுத்தும் எந்திரக் கவசத்துக்கும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமே பழைய இணை இருக்கிறது. 1965-இல் தொடங்கிய 'ஹார்டிமேன்' 680 கிலோ எடையுள்ளதாக வளர்ந்தது. முழு உடலையும் ஒரே நேரத்தில் இயக்கியபோது கட்டுப்பாடின்றி உதறியதால், ஒரு கையை மட்டுமே உருப்படியாக இயக்க முடிந்தது.

பின்னுதைப்பு, தண்டவாளம், ஒளி

குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, வண்டியின் எடையால் வகுத்தால், சுட்ட கணத்தில் வண்டி பின்னோக்கி நகரும் வேகம் தெரியும். 120 மில்லிமீட்டர் டாங்கிப் பீரங்கி ஏறத்தாழ 8 கிலோவை விநாடிக்கு 1650 மீட்டர் வேகத்தில் எறிகிறது என்றால், வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்க்காமலேயே 60 டன் டாங்கிக்கு விநாடிக்கு 0.22 மீட்டர் வருகிறது. அதே பீரங்கியை 5 டன் நடைவண்டியின் தோளில் ஏற்றினால் 2.6 மீட்டர், மல்லாந்து விழும். இதற்கு நிஜ இணை, வியட்நாமில் ஓடிய 'ஷெரிடன்'. ஏறத்தாழ 15 டன் வண்டியில் 152 மில்லிமீட்டர் குழலை வைத்ததால், சுட்டதும் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. அதே குழல் வழியாக ஏவும் ஏவுகணைக்கு உரிய மின்னணுக் கருவிகளும் அந்த அதிர்ச்சியில் அடிவாங்கின.

மின்காந்தப் பீரங்கிக்குப் பின்னுதைப்பு இல்லை என்று பல கதைகள் சொல்வது தவறு. 10 கிலோ குண்டை விநாடிக்கு 2500 மீட்டரில் எறிந்தால் உந்தம் 25,000. மேலே சொன்ன டாங்கிக் குண்டின் உந்தமோ 13,200. வெடிமருந்து வாயு இல்லாத சலுகை மட்டுமே இதற்கு உண்டு. ஆற்றல் 31 மெகாஜூல். அமெரிக்கக் கடற்படை 2010 டிசம்பரில் டால்கிரனில் 33 மெகாஜூல் வரை சுட்டுக் காட்டியது. குண்டு செல்வதைவிட, அதைத் தள்ளும் மின்சாரம் பாயும் இரட்டை உலோகத் தண்டவாளம் தேய்வதே பெரும் சிக்கலாக நீடித்தது. 2021-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஜப்பான் 2023-இல் கப்பலிலிருந்து சுட்டுச் சோதித்தது. நிமிடத்துக்குப் பத்துக் குண்டு என்றும், கொடுத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே குண்டுக்குப் போகிறது என்றும் வைத்தால், 15 மெகாவாட்டுக்கு மேல் தேவை; அதில் 10 மெகாவாட் வெப்பமாக வண்டிக்குள்ளேயே தங்கும். மின்சாரத்தைத் தேக்கிவைத்து ஒரே மூச்சில் கொட்டும் அமைப்புக்கு இணை வேண்டுமானால், ஜெரால்ட் ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலின் மின்காந்த ஏவுபொறியைப் பாருங்கள். கனத்த சுழலிகளில் ஆற்றலைத் தேக்கி, 91 மீட்டர் தூரத்துக்குள் விமானத்தைப் பறக்கும் வேகத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த ஏவலுக்காக அவை மறுபடியும் வேகமெடுக்கும். கதையில் இரண்டு குண்டுகளுக்கு இடையே தரையெல்லாம் அதிரும்படி சுழலிகள் வேகமெடுக்கும் ஓசையை எழுதலாம். வெறுமனே ஒளிரும் நீல விளக்கைவிட அது மேல்.

லேசருக்கு இணை பட்டறையில் இருக்கிறது. 2014-இல் அமெரிக்கக் கடற்படை போன்ஸ் கப்பலில் பொருத்திய 30 கிலோவாட் வகை லேசர், சந்தையில் கிடைக்கும் உலோக வெல்டிங் ஃபைபர் லேசர்கள் ஆறின் கதிரை ஒரே புள்ளியில் சேர்த்தது. தகடு வெட்டும் லேசர் எந்திரத்தை ஓட்டும் எவரிடமும் கேளுங்கள். பக்கத்தில் ஓயாமல் ஓடும் 'சில்லர்' என்ற குளிர்விப்பு எந்திரத்தைப் பற்றியும், லென்ஸில் படியும் தூசியைப் பற்றியும்தான் அவர் முதலில் சொல்வார். 100 கிலோவாட் கதிர் வேண்டும், திறன் 30 சதவீதம் என்றால், 230 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். விண்வெளியில் இது இன்னும் கடினம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் நீண்ட வெப்பச் சிறகுகள் வெளியேற்றுவது ஏறத்தாழ 70 கிலோவாட் மட்டுமே. வெப்பச் சிறகு இல்லாமல் வரையப்பட்ட விண்வெளிப் போர்க்கப்பல் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்புவதில்லை.

இணையே இல்லாதபோது

சில கற்பனைகளுக்கு நிஜத்தில் இணையே கிடையாது. ஈர்ப்பை முறித்து மிதக்கும் டாங்கி அவற்றில் ஒன்று. அந்த ஒரு சலுகையைக் கதைக்குக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கணக்குக்குள் வைத்திருப்பதே முறை. மிதக்கும் வண்டிக்கு அருகில் நிற்கும் நிஜ எந்திரம் ஹோவர்கிராஃப்ட். அவற்றில் மிகப்பெரியதான ரஷ்ய 'சூபர்' 555 டன் எடையோடு காற்று மெத்தையில் ஓடுகிறது. தரையைப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால் இந்த வகை வண்டிகள் திரும்பும்போது பக்கவாட்டில் சறுக்கும், சரிவில் நிற்கத் தடுமாறும், பக்கக் காற்றுக்கு ஒதுங்கும். ஈர்ப்பை முறிக்கும் வண்டியில் புழுதியும் இரைச்சலும் இருக்காது. இந்த மூன்று குறைகளும் அப்படியே இருக்கும். 60 டன் மிதக்கும் டாங்கி ஒரு குண்டு சுட்டால் விநாடிக்கு 0.22 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். தரையில் உராய்வு இல்லாததால் அது நிற்காது, பத்து விநாடியில் இரண்டு மீட்டருக்கு மேல் போயிருக்கும், அடுத்த குண்டு அந்த வேகத்தை இரட்டிக்கும். அதைத் தடுக்க எதிர்த்திசையில் காற்றை ஊதும் குழாயா, தரையில் இறங்கி ஊன்றும் கால்களா என்பதை முதல் சண்டைக் காட்சிக்கு முன்பே முடிவு செய்து, ஐந்து எண்கள் எழுதிய அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.